குற்றம் சட்டமான நாடு

2025 நவம்பர் 17ஆம் தேதி பிரிட்டனின் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் நாடாளுமன்றத்தில் எழுந்து புதிய புகலிட விதிகளை அறிவித்தார். அகதி என்ற நிலை இனி தற்காலிகமானது. 30 மாதத்துக்கு ஒருமுறை அதை மறுபடி ஆராய்வார்கள். அனுமதியில்லாத வழியில் வந்து புகலிடம் பெற்றவர் நிரந்தரமாக வாழும் உரிமைக்கு 20 ஆண்டு காத்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்மாதிரி டென்மார்க் என்பதை ஆளும் லேபர் கட்சி ஒளிக்கவில்லை. அதிகாரிகளைக் கோபன்ஹேகனுக்கு அனுப்பிப் படித்துவரச் சொல்லித்தான் இந்தத் திட்டத்தையே தீட்டினார்கள்.

மறுநாள், நவம்பர் 18 அன்று, டென்மார்க்கில் உள்ளாட்சித் தேர்தல். லண்டன் பின்பற்றத் துடித்த அந்த முன்மாதிரியை உருவாக்கிய சமூக ஜனநாயகக் கட்சி, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தன் கோட்டையாக இருந்த கோபன்ஹேகனின் தலைமையை இழந்தது. பறித்துக்கொண்டவர்கள் வலதுசாரிகள் அல்லர். இடப்பக்கம் இருந்த சோஷலிச மக்கள் கட்சி.

ஒரு நகரத் தோல்வியை வைத்து ஒரு கொள்கையையே தள்ளிவிட முடியாது. வீட்டு வாடகை, வலதுசாரிகளோடு அமைத்த கூட்டணி, நீண்ட ஆட்சியின் சலிப்பு என்று அந்தத் தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் அடுத்தடுத்து வந்த இந்த இரண்டு நாட்களும் ஒரு கேள்வியை விட்டுச் செல்கின்றன. ஐரோப்பாவின் நடுவழிக் கட்சிகள் எல்லாம் ஓடிப்போய்ப் படித்துவருகின்றனவே, அந்த டென்மார்க் பாடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது?

பாடத்தைச் சொல்பவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். 2015 தேர்தலில் குடியேற்ற எதிர்ப்பையே மூச்சாகக் கொண்ட டேனிஷ் மக்கள் கட்சி 21.1 சதவீத வாக்கும் 37 இடங்களும் பெற்று நாட்டின் இரண்டாவது பெரிய கட்சியானது. அதே ஆண்டு சமூக ஜனநாயகக் கட்சியின் தலைமைக்கு வந்த மெட்டே ஃப்ரெடரிக்சன், குடியேற்றத்தில் தன் கட்சியை வலப்பக்கம் நகர்த்தினார். 2019 தேர்தலில் டேனிஷ் மக்கள் கட்சி 8.7 சதவீதத்துக்கு விழுந்தது, 2022இல் 2.6 சதவீதம், வெறும் 5 இடங்கள். ஃப்ரெடரிக்சன் இரண்டு முறையும் பிரதமரானார். ஆகவே, தீவிர வலதை ஒழிக்க வேண்டுமென்றால் அதன் கோரிக்கையை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பாடம்.

இந்த வாதத்தை எளிதாக உதறிவிடக் கூடாது. அதன் பின்னால் வெறும் வாக்குக் கணக்கு மட்டும் இல்லை. ஃப்ரெடரிக்சனின் குடியேற்றத் துறை அமைச்சராக இருந்த மட்டியாஸ் டெஸ்ஃபாயே, எத்தியோப்பியாவிலிருந்து வந்த அகதி ஒருவரின் மகன். தன் கட்சியும் குடியேற்றமும் பற்றி 2017இல் ஒரு புத்தகமே எழுதினார். அவருடைய தரப்பு இது. பெரும் வரி கட்டி, எல்லோருக்கும் இலவசக் கல்வியும் மருத்துவமும் தரும் ஒரு நலவாழ்வு அரசு, சக குடிமகன்மீது உள்ள நம்பிக்கையில்தான் நிற்கிறது. புதிதாக வருபவர்களின் குழந்தைகள் சேரும் பள்ளி, அவர்கள் தேடும் மலிவான வீடு, போட்டியிடும் கூலி வேலை, எல்லாம் தொழிலாளர் வாழும் பகுதிகளில்தான் இருக்கின்றன. வரவேற்புரை நிகழ்த்துபவர்கள் குடியிருக்கும் தெருக்களில் இல்லை. தொழிலாளர் கட்சி ஒன்று இதைப் பேச மறுத்தால் வேறு யார் பேசுவார்கள்? இந்தக் கேள்வி நேர்மையானது. பல நாடுகளில் இடதுசாரிகள் அதற்கு வாய் திறக்காமல் இருந்தார்கள் என்பதும் உண்மை.

கேள்வி நேர்மையானது என்பதால் விடை சரியாகிவிடாது. விடையைத் தேர்தல் எண்களில் வைத்து உரசிப் பார்க்க வேண்டும்.

டேனிஷ் மக்கள் கட்சி 1995இல் தொடங்கப்பட்டது. 2001 தேர்தலில் 12 சதவீதம், 2005இல் 13.3, 2007இல் 13.9, 2011இல் 12.3. அதாவது பத்தாண்டு முழுக்க 12க்கும் 14க்கும் நடுவில் நின்றது. 2015இன் 21 சதவீதம் என்பது ஒரு திடீர் எழுச்சி. இப்போது 2022க்கு வருவோம். அந்தக் கட்சி 2.6தான் பெற்றது. ஆனால் அதே மண்ணில் முளைத்த இன்னும் இரண்டு கட்சிகள் களத்தில் இருந்தன. இங்கர் ஸ்டோய்பெர்க் தொடங்கிய டென்மார்க் ஜனநாயகர் கட்சிக்கு 8.1 சதவீதம். புதிய குடிமக்கள் கட்சிக்கு 3.7. மூன்றையும் கூட்டினால் 14.4. 2019இலும் இந்த வகைக் கட்சிகளைக் கூட்டினால் 13க்குச் சற்றுக் குறைவாக வரும்.

இதை இரண்டு முறை படித்துப் பார்க்கலாம். ஒழிந்துவிட்டது என்று ஐரோப்பா முழுவதும் சொல்லப்படும் அந்த வாக்கு, 2001இல் இருந்ததைவிடச் சற்று அதிகமாகவே 2022இல் இருந்தது. அழிந்தது ஒரு கட்சியின் பெயர்ப் பலகை. கடையும் வாடிக்கையாளர்களும் பக்கத்துத் தெருவுக்கு மாறினார்கள். 2025 உள்ளாட்சித் தேர்தலில் பழைய பலகையும் மறுபடி ஏறுமுகம் கண்டது.

அந்த 2015 எழுச்சியே இன்னொரு சங்கடமான சாட்சி. அந்தத் தேர்தலில் சமூக ஜனநாயகர்கள் மென்மையாக நடந்துகொண்டதால்தான் வலது வளர்ந்தது என்பது பரவலான நம்பிக்கை. நடந்தது அதற்கு நேர்மாறு. அப்போதைய பிரதமர் ஹெல்லே தோர்னிங்-ஷ்மிட் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். அவருடைய அரசுதான் 2015 தொடக்கத்தில் போர் அகதிகளுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு மட்டும் என்ற புதிய வகையைச் சட்டமாக்கியது. டென்மார்க்குக்கு வந்தால் வேலை செய்ய வேண்டும் என்று வருபவர்களைப் பார்த்துச் சொல்லும் சுவரொட்டிகளோடுதான் அவர் கட்சி பிரசாரம் செய்தது. மருந்து அப்போதும் இதே மருந்துதான். அதைக் கொடுத்த ஆண்டில்தான் காய்ச்சல் உச்சத்துக்குப் போனது. அதே மருந்தை 2019இல் கொடுத்தபோது காய்ச்சல் இறங்கியது என்றால், இறங்கியதற்கு மருந்துதான் காரணமா என்று எந்த வைத்தியரும் கேட்பார்.

2015க்கும் 2019க்கும் இடையில் என்ன மாறியது? 2016 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு ஐரோப்பா முழுவதும் வருகை குறைந்தது. 2015இல் டென்மார்க்கில் 21,000 பேர் புகலிடம் கேட்டிருந்தார்கள். பிறகு அந்த எண் செங்குத்தாக விழுந்தது. டேனிஷ் மக்கள் கட்சி அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்து, பொறுப்பை ஏற்காமலும் எதிர்க்காமலும் நான்கு ஆண்டைக் கழித்தது. ஐரோப்பிய நிதியை முறைகேடாகப் பயன்படுத்தியதாக வந்த புகாரும் அதைக் காயப்படுத்தியது. 2019 தேர்தலைப் பருவநிலைத் தேர்தல் என்றே அங்கே பேசினார்கள். ஃப்ரெடரிக்சன் கையிலெடுத்த பெரிய வாக்குறுதியோ, இளம் வயதிலேயே உடலுழைப்பு வேலைக்குப் போய்த் தேய்ந்துபோனவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம் என்பது. அது தொழிலாளியின் இடுப்பு வலியைப் பற்றிய வாக்குறுதி. குடியேற்றத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. இத்தனையையும் ஒதுக்கிவிட்டு ஒரே காரணத்தை மட்டும் எடுத்து ஏற்றுமதி செய்கிறார்கள்.

2019இன் வாக்குகளைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சமூக ஜனநாயகர்களின் பங்கு 26.3இலிருந்து 25.9 ஆனது. கூடவில்லை, சிறிது குறைந்தது. டேனிஷ் மக்கள் கட்சி இழந்த 12 சதவீதப் புள்ளிகளில் ஒரு பகுதி இவர்களிடம் வந்தது உண்மை. ஏறக்குறைய அதே அளவு இவர்களிடமிருந்து இடப்பக்கம் போனது. மையவலதான வென்ஸ்ட்ரே 19.5இலிருந்து 23.4க்கு உயர்ந்தது. அப்படியிருந்தும் ஃப்ரெடரிக்சன் எப்படிப் பிரதமரானார்? அவருடைய கூட்டாளிகள் வளர்ந்தார்கள். அந்த அணியில் குடியேற்றத்தில் மிகவும் தாராளமாகப் பேசிய ராடிக்கல் கட்சி 4.6இலிருந்து 8.6க்குப் போனது. சோஷலிச மக்கள் கட்சி 4.2இலிருந்து 7.7க்கு. குற்றம் செய்த, திருப்பி அனுப்ப முடியாத வெளிநாட்டவரை லிண்ட்ஹோல்ம் என்ற ஆளில்லாத் தீவில் வைக்கும் முந்தைய அரசின் திட்டத்தைக் கைவிட வைத்தவர்களும் இந்தக் கூட்டாளிகள்தான். டென்மார்க் வாக்காளர் ஒட்டுமொத்தமாகக் கடுமையின் பக்கம் சாய்ந்தார் என்பது இந்த எண்களில் எங்கே இருக்கிறது?

அரசியல் அறிவியலாளர்கள் இதை ஆராயாமல் இல்லை. சிறு கட்சியின் கோரிக்கையைப் பெரிய கட்சி எடுத்துக்கொண்டால் சிறு கட்சி தேயும் என்று 2005இல் போனி மெகிட் நிறுவ முயன்றார். நடுவழிக் கட்சிகளின் ஆலோசகர்களுக்கு அது வேதம் போல ஆனது. 2022இல் வெர்னர் கிராவுஸ, டெனிஸ் கோஹன், தாரிக் அபூ-ஷாதி மூவரும் மேற்கு ஐரோப்பாவின் பல பத்தாண்டுத் தேர்தல் தரவுகளை எடுத்துச் சோதித்தார்கள். இப்படிச் செய்வது தீவிர வலதின் வாக்கைக் குறைத்ததற்குச் சான்றே கிடைக்கவில்லை. டென்மார்க்கையே எடுத்துக்கொண்டு பிரெடெரிக் யோர்த்தும் மார்ட்டின் வினேஸ் லார்சனும் செய்த ஆய்வு இவ்விரண்டையும்விட நுணுக்கமானது. அவர்கள் கண்டது: சமூக ஜனநாயகர்கள் கடுமை காட்டும்போது குடியேற்றத்தை எதிர்ப்பவர்கள் கொஞ்சம் உள்ளே வருகிறார்கள், ஆதரிப்பவர்கள் கொஞ்சம் வெளியே போகிறார்கள். கட்சிக்கு லாபம் பெரிதாக இல்லை. வெளியே போனவர்கள் பக்கத்து இடதுசாரிக் கட்சியிடம் போவதால், அணி மொத்தமாகப் பார்க்கும்போது லாபம்.

டென்மார்க்கில் இந்த வித்தை ஏன் பலித்தது என்பதற்குத் திறவுகோல் இதுதான். அங்கே விகிதாசாரத் தேர்தல் முறை. 2 சதவீத வாக்கு இருந்தால் நாடாளுமன்றத்தில் இடம் உண்டு. இடப்பக்கம் ஒழுகிய வாக்கு வீணாகாது. கூட்டணி என்ற பாத்திரத்தில் விழுந்து ஃப்ரெடரிக்சனிடமே திரும்பிவரும். அவரால் முடிந்ததற்குக் காரணம், அவர் விட்டுவந்த கொள்கையைப் பிடித்துக்கொண்டு நிற்க நம்பகமான அண்டைக் கட்சிகள் இருந்தன. எல்லோரும் வலப்பக்கம் ஓடியிருந்தால் அவர் தோற்றிருப்பார்.

பிரிட்டனில் அந்தப் பாத்திரம் இல்லை. அதிக வாக்கு பெற்ற ஒருவர் மட்டும் வெல்லும் முறையில் ஒழுகியது தரையில்தான் போகும். 2025 அக்டோபரில் வேல்ஸின் கேர்ஃபில்லி இடைத்தேர்தலில் அது நடந்தது. நூறாண்டுக் காலம் லேபர் மட்டுமே வென்றுவந்த மண்ணில் அக்கட்சி 11 சதவீதத்துக்குச் சரிந்தது. வென்றது இடதுசாரி வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி. இரண்டாவது வந்தது நைஜல் ஃபராஜின் தீவிர வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம். இருபக்கமும் ஒரே நேரத்தில் கசிந்தது.

இன்னொன்றும் பிரிட்டன் கற்பிக்கிறது. அங்கே இரண்டு பெரிய கட்சிகளும் எண்ணை வைத்து ஏலம் விட்டே கெட்டன. 2010இல் டேவிட் கேமரன், நிகரக் குடியேற்றத்தை ஆண்டுக்குச் சில பத்தாயிரங்களாகக் குறைப்பேன் என்று வாக்குறுதி தந்தார். அவர் ஆட்சியில் ஓராண்டுகூட அது ஒரு லட்சத்துக்குக் கீழே வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறி எல்லையை மீட்போம் என்றார் போரிஸ் ஜான்சன். அவர் கொண்டுவந்த புள்ளி முறையின் கீழ் 2023இல் எண் 9 லட்சத்தைத் தாண்டியது. ருவாண்டாவுக்கு விமானம் என்றார்கள்; 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைச் சட்டவிரோதம் என்றது. ஒருவரைக்கூடக் கட்டாயமாக அனுப்பாமலேயே திட்டம் 2024இல் கைவிடப்பட்டது. மருத்துவமனைக்குச் செவிலியர் வேண்டும், முதியோர் இல்லத்துக்குப் பணியாளர் வேண்டும், பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் வேண்டும். மேடையில் கதவை அடைத்தவர்கள் அலுவலகத்தில் போய்த் திறந்தார்கள். ஒவ்வொரு முறையும் வாக்குறுதிக்கும் எண்ணுக்கும் இடையில் விழுந்த பள்ளத்தில்தான் ஃபராஜ் வீடு கட்டினார்.

சரி, எண் குறைந்தால் பிரச்சினை தீருமா? அதற்கும் விடை வந்துவிட்டது. 2025 ஜூன் வரையிலான ஓராண்டில் பிரிட்டனின் நிகரக் குடியேற்றம் 2 லட்சத்து 4 ஆயிரமாகக் குறைந்தது. உச்சத்திலிருந்து நான்கில் மூன்று பங்குக்கு மேல் சரிவு. அதே காலத்தில் ரிஃபார்ம் கட்சி கருத்துக்கணிப்புகளில் முதலிடத்தில் நின்றது. அதற்கு முந்தைய மே மாத உள்ளாட்சித் தேர்தலில் 10 மன்றங்களைப் பிடித்திருந்தது. ஆளும் கட்சி இரவுபகலாக ஒரே பொருளைப் பேசினால், அதைப் பேசுவதற்கென்றே பிறந்த கட்சியிடம் வாக்காளர் போகிறார். ஜெர்மனியிலும் இதையே பார்த்தோம். 2025 ஜனவரியில் மையவலதின் தலைவர் ஃப்ரீட்ரிஷ் மெர்ட்ஸ், தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியின் வாக்குகளோடு ஒரு குடியேற்றத் தீர்மானத்தை நிறைவேற்றினார். அடுத்த மாதத் தேர்தலில் ஏஎஃப்டி தன் வாக்கை இரட்டிப்பாக்கி 20.8 சதவீதம் பெற்றது. மறுபுறம் இடதுசாரிக் கட்சியும் மீண்டெழுந்தது.

இதுவரை சொன்னது வாக்குக் கணக்கு. அதோடு நிறுத்திவிட்டால் இந்தத் திறனாய்வு பாதிதான். டென்மார்க் பாடத்தின் விலையை எங்கே போய்ப் பார்ப்பது என்றால், நான் போக விரும்பும் இடம் 1987. அங்கே நிற்பவர்கள் இலங்கைத் தமிழர்கள்.

1983இல் டென்மார்க் இயற்றிய வெளிநாட்டவர் சட்டம் ஐரோப்பாவிலேயே தாராளமான சட்டங்களில் ஒன்று. அகதியாக ஏற்கப்பட்டவருக்குத் தன் மனைவியையும் குழந்தைகளையும் வரவழைக்கும் உரிமை இருந்தது. இது அமைச்சர் மனம் வைத்தால் கிடைக்கும் சலுகை அல்ல. சட்டம் தந்த உரிமை. அதே ஆண்டு ஜூலையில் கொழும்பு எரிந்தது. தப்பி வந்தவர்களில் சில ஆயிரம் பேர் டென்மார்க்கை அடைந்தார்கள். ஆண்கள் முதலில் வந்தார்கள். குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் காத்திருந்தன.

1987 ஜூலையில் இந்திய இலங்கை உடன்படிக்கை கையெழுத்தானது. அகதிகள் ஊர் திரும்பிவிடுவார்கள் என்று கோபன்ஹேகன் எதிர்பார்த்தது. செப்டம்பரில் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப விண்ணப்பங்களை ஒதுக்கிவைக்குமாறு அதிகாரிகளுக்குச் சொன்னார். சட்டம் மாறவில்லை. நாடாளுமன்றத்துக்குத் தெரியவில்லை. கோப்புகள் நகரவில்லை, அவ்வளவுதான். அரசியல் சூழலையும் சொல்ல வேண்டும். அகதிகளை எதிர்த்துப் பேசிய முன்னேற்றக் கட்சி அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. 1988 தேர்தலில் அது 9 சதவீதம் பெற்றது. ஆளும் பழமைவாதக் கட்சிக்கு வலப்பக்கம் வாக்கு கழன்றுபோகும் அச்சம் இருந்தது. அந்தக் கோப்புகள் தூங்கியதற்கும் அந்த அச்சத்துக்கும் தொடர்பில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. (அதே 1987இல்தான் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஆடை களைந்து நின்று போராடினார்கள். ஆவணமில்லாமல் பயணிகளை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டத்தை அந்த ஆண்டே பிரிட்டன் கொண்டுவந்தது. அந்த நாட்களில் இரு நாடுகளின் கதவிலும் நின்றவர்கள் நம்மவர்கள்.)

1989இல் நாடாளுமன்றக் குறைகேள் அலுவலர் இந்தத் தாமதத்தைக் கண்டித்தார். பிரதமர் பவுல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எதுவும் மறைக்கப்படவில்லை என்று உறுதி சொன்னார். விசாரணை நடந்தது. 1993 ஜனவரியில் நீதிபதி மோன்ஸ் ஹோர்ன்ஸ்லெட்டின் அறிக்கை வந்தது, ஆயிரக்கணக்கான பக்கங்கள். பிரதமர் நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தினார் என்று தெரிந்ததும் ஷ்லூட்டர் அரசு பதவி விலகியது. பத்தாண்டு ஆண்ட ஓர் அரசு, ஒரு சிறிய அகதிக் கூட்டத்தின் மனைவி பிள்ளைகளுக்குச் சட்டப்படி வர வேண்டிய அனுமதியைத் தடுத்ததற்காக விழுந்தது. தேர்தல் இல்லாமலேயே ஆட்சி சமூக ஜனநாயகர்களிடம் வந்தது. பவுல் நூரூப் ராஸ்முசென் பிரதமரானார். 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளி என்று தீர்த்து நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்தது, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. டென்மார்க் வரலாற்றில் இது தமிழர் வழக்கு என்ற பெயரிலேயே நிற்கிறது. அங்கே அது நன்கு அறியப்பட்ட வழக்கு. தமிழ் படிக்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்தச் சிறப்பு நீதிமன்றம் அடுத்து கூடியது 2021இல். குற்றம் சாட்டப்பட்டவர் வென்ஸ்ட்ரே அரசில் குடியேற்றத் துறை அமைச்சராக இருந்த இங்கர் ஸ்டோய்பெர்க். 2017இல், தன் காலத்தில் நிறைவேறிய ஐம்பதாவது கடுமையாக்கத்தைக் கேக் வெட்டிக் கொண்டாடிப் படம் வெளியிட்டவர் அவர். 2016இல், புகலிடம் தேடி வந்த தம்பதியரில் ஒருவருக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால், தனித்தனியாக விசாரிக்காமலேயே அவர்களைப் பிரித்துவைக்க உத்தரவிட்டார். நின்-ஹான்சனைப் போலவே, ஒவ்வொரு மனிதரின் நிலையையும் தனித்துப் பார்க்கச் சொல்லும் சட்டத்தை ஒரே வாக்கியத்தால் தாண்டினார். நீதிமன்றம் 60 நாள் தண்டனை விதித்தது. நாடாளுமன்றம் அவரை உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்று வெளியேற்றியது. 2022இல் அவர் புதுக் கட்சி தொடங்கினார். அந்த நவம்பர் தேர்தலில் அதற்கு 14 இடங்கள். மேலே கூட்டலில் வந்த 8.1 சதவீதம் அதுதான்.

1993இல் ஓர் அரசைக் கவிழ்த்த குற்றம் 2022இல் ஒரு கட்சிக்கு மூலதனமானது. இடைப்பட்ட முப்பது ஆண்டில் நீதிமன்றம் மாறவில்லை. அது தன் கடமையைச் செய்தது. மாறியது நடுவில் நின்றவர்கள். 2001இல் வென்ஸ்ட்ரேயின் ஆண்டர்ஸ் ஃபோ ராஸ்முசென் டேனிஷ் மக்கள் கட்சியின் ஆதரவோடு ஆட்சிக்கு வந்தார். வெளிநாட்டுத் துணையை வரவழைக்க இருவருக்கும் 24 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதி 2002இல் வந்தது. எதிர்த்தவர்கள் சில ஆண்டுகளில் ஏற்றுக்கொண்டார்கள். 2016 ஜனவரியில், அகதிகளிடம் 10,000 குரோனருக்கு மேல் இருக்கும் பணத்தையும் மதிப்புள்ள பொருளையும் பறிமுதல் செய்யும் சட்டம் வந்தபோது உலகமே நகைகளைப் பற்றிப் பேசியது. நடைமுறையில் மிகச் சிலரிடமே எதுவும் பறிக்கப்பட்டது. அதே சட்டத்தில் யாரும் அதிகம் பேசாத இன்னொரு விதி இருந்தது. தற்காலிகப் பாதுகாப்பு பெற்றவர் தன் குடும்பத்தை வரவழைக்க விண்ணப்பிக்கவே மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். சமூக ஜனநாயகக் கட்சி அதற்கு ஆதரவாக வாக்களித்தது.

2022 மார்ச்சில் உக்ரைன் அகதிகள் வந்தபோது என்ன நடந்தது என்பதையும் வைத்துப் பார்க்க வேண்டும். தனிச் சட்டம் இயற்றி விரைவாக அனுமதி தந்தார்கள். நகைச் சட்டத்திலிருந்து விலக்களித்தார்கள். முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். நலவாழ்வு அரசு உடையவில்லை, நம்பிக்கை குலையவில்லை. உக்ரைனியரை வரவேற்றதில் எனக்கு மகிழ்ச்சியே; அது சரியான செயல். ஆனால் எண்ணிக்கையும் வேகமும்தான் சிக்கல் என்ற டெஸ்ஃபாயேயின் தரப்பை அந்த ஒரு ஆண்டு பலவீனமாக்கிவிட்டது. எண் பெரிதாக இருந்தது, வேகம் கூடுதலாக இருந்தது, சிக்கல் எழவில்லை. மறுபுறம் ஆள் பற்றாக்குறை வந்ததும் 2023இல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கான சம்பள வரம்பைக் குறைத்து வழி திறந்தார்கள். அடைத்தது ஒரு கதவுதான். எந்தக் கதவு என்று தேர்ந்தெடுத்துத்தான் அடைத்தார்கள்.

இனி தீர்ப்பு. டென்மார்க் உத்தி ஆட்சியைப் பிடிக்க உதவியது. விகிதாசார முறையும், விட்டுப்போன வாக்கைப் பிடித்துவைத்த அண்டைக் கட்சிகளும், ஓய்வூதிய வாக்குறுதியும் சேர்ந்திருந்த இடத்தில் மட்டும். தீவிர வலதின் வாக்கை அது ஒழிக்கவில்லை. 2001இல் இருந்த அளவை ஒட்டியே கொண்டுவந்து விட்டது. அந்த வாக்கு இப்போது இன்னும் வலப்பக்கமாக நகர்ந்த ஒரு மையத்துக்கும் அப்பால் நிற்கிறது. இதே உத்தியைத் தொகுதிக்கு ஒருவர் வெல்லும் நாட்டுக்கு எடுத்துப்போனால் அந்தக் குறுகிய லாபமும் கிடைக்காது. டெஸ்ஃபாயே எழுப்பிய கேள்விக்கு நான் மதிப்பளிக்கிறேன். ஆனால் அதற்கான விடை பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் கூலிக்கும் பணம் ஒதுக்குவதில் இருந்தது. 2019இல் அவர் கட்சி வென்றதற்கும் அந்தப் பக்கமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஓர் அகதியின் மனைவியை மூன்றாண்டு தள்ளிவைத்ததால் எந்தத் தொழிலாளியின் வாடகையும் குறையவில்லை.

இந்த விதி தன்மேல் விழுந்த ஒரு சிரிய அகதி ஸ்ட்ராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். திருமணமாகி 25 ஆண்டான மனைவியை வரவழைக்கக் கேட்டவர் அவர். 2021 ஜூலையில் நீதிமன்றத்தின் பேரமர்வு, தனித்தனியாக ஆராயாமல் மூன்றாண்டு காக்கவைப்பது குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறுகிறது என்று தீர்த்தது. 1987இல் ஓர் அமைச்சர் ரகசியமாகச் செய்து தண்டனை பெற்றதை, 2016இல் ஒரு நாடாளுமன்றம் பகிரங்கமாகச் சட்டமாக்கியிருந்தது. அடுத்த ஆண்டு டென்மார்க் அந்தக் காத்திருப்பை மூன்றிலிருந்து இரண்டு ஆண்டாகத் திருத்தியது. அப்போது ஆட்சியில் இருந்தது, தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளைக் காக்கவைத்த அரசு விழுந்ததால் 1993இல் பதவிக்கு வந்த அதே கட்சி.